சொல்லுக் கேளாத பிள்ளை

அந்தச் சிறுமியர் இல்லத்தில் மூன்று ஜெயனிகள் இருந்தார்கள். அடையாளத்துக்காக ஒவ்வொருத்தியின் பெயருக்கு முன்னாலும் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். பெரிய ஜெயனி, கண்ணாடி ஜெயனி, சொல்லுக் கேளாத ஜெயனி. இந்த மூன்றாமவளுக்குப் பத்து வயது. தாய்மாமன் தொடக்கம் பள்ளிக்கூட ரீச்சர் வரை அவளைப் பற்றிப் பேச வாய் திறந்தவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான். பேசி முடித்து எழும்பும்போதும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி இத்தனை பேர் அச்சடித்த மாதிரி ஒன்றையே சொன்னால், ஒருவராவது நின்று அந்தச் சொல்லை ஒருதரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நமக்கெல்லாம் எங்கே நேரம்.

மியூரியலும் பார்க்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரத் தாதி அவள். அந்தப் பகுதிச் சிறுவர் இல்லங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் நிறை, உயரம், பல், தலை, தடுப்பூசி எல்லாம் பார்ப்பது அவளுடைய வேலை. மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். நேரம் தவறமாட்டாள், குரல் உயர்த்தமாட்டாள். மெல்லப் பேசுவதுதான் நல்ல வளர்ப்பு என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தார்கள். போன தடவை வந்தபோது ஜெயனியின் கன்னத்தைத் தட்டி, இனியாவது சொல்லுக் கேட்டு நடக்க வேண்டும் என்று மெல்லிய குரலில் புத்திமதி சொல்லியிருந்தாள். பிள்ளை அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்று தலையாட்டியது. புத்திமதி நன்றாக உள்ளே இறங்கிவிட்டது என்று மியூரியலுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

இந்த முறை வந்தது வழமையான பார்வைக்கு அல்ல. ஜெயனியை அனுப்பப் போகிறார்கள். தென்னிலங்கையில், அடங்காத பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அரசாங்க நிலையம் ஒன்றுக்கு. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை என்று நன்னடத்தை உத்தியோகத்தர் சுபாஸ்கரனே சொல்லியிருந்தார். மறுநாள் காலை நீதவான் முன்னால் வழக்கு. அதற்கு முன்னர் பிள்ளைக்குத் தொற்று நோய் எதுவும் இல்லை, பயணத்துக்கு உடம்பு தாங்கும் என்று சுகாதாரப் பகுதி சொல்ல வேண்டும். அரை மணித்தியால வேலை என்று நினைத்துக்கொண்டுதான் மியூரியல் ஸ்கூட்டியை வேம்பு நிழலில் விட்டாள்.

அப்படி என்ன செய்துவிட்டாள் இந்தப் பத்து வயதுக்காரி? மூன்று வருடத்துக்கு முன்னர் தாய் செத்த பிறகு குருநகரில் தாய்மாமன் கிறிஸ்ரோபர் வீட்டில் இருந்தாள். ஒருநாள் கடற்கரையில் அவருடைய கைக்குழந்தையைவிடச் சற்றுப் பெரிய மகனையும் கையில் பிடித்துக்கொண்டு, அவர் மறித்துக் கத்தக் கத்தத் தண்ணீருக்குள் இறங்கினாள். அந்தச் சின்னவன் தண்ணீர் குடித்து, மயங்கி, மாதா கிருபையால் பிழைத்தான். அதோடு கிறிஸ்ரோபர் கையை விரித்துவிட, நீதிமன்றம் அவளை இந்த இல்லத்துக்கு அனுப்பியது. இங்கே வந்தும் அதே கதை. செய்யாதே என்றதைத்தான் செய்வாள். அண்மையில் ஒருநாள், திறக்கக்கூடாது என்று சொல்லியும் வெளிக் கேற்றைத் திறந்துவிட்டாள். நாலு வயதுத் தர்சிகா தெருவுக்கு ஓடி, மோட்டார் சைக்கிளில் அடிபட்டுக் கால் முறிந்தது. இல்லத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் யோசப்பின் அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள். ஒன்றுக்காக மற்றப் பிள்ளைகளின் உயிரோடு விளையாட முடியாது என்று அவள் சொன்னபோது ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

யோசப்பின் கெட்டவள் அல்ல. இதை முதலே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு எல்லாப் பழியையும் அவள் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகப் படுத்துவிடுவோம். முப்பது பிள்ளைகளுக்குச் சோறு, உடுப்பு, காய்ச்சல், கண்ணீர் எல்லாம் அவள் ஒருத்திதான். பிள்ளைகள் அவளை அன்ரி என்பார்கள். அன்றைக்கும் ஜெயனியின் தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, புதுச் சட்டை போட்டு, மருந்து அறைக்குள் அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். அனுப்பப் போகிறோமே என்ற கவலை அவள் முகத்தில் பொய்யில்லாமல் இருந்தது.

மியூரியலுக்கு ஒரு கிழமையாகத் தடிமன், ஒரே தும்மல். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக்கூடாது என்று மாஸ்க் போட்டிருந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். ஜெயனி அசையவில்லை. மறுபடி சொன்னாள். பிள்ளை அவள் கண்களையே பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றது. பாருங்கோ, இப்படித்தான், ஆர் எவர் என்று இல்லை, நினைத்தால் செய்வாள், நினையாவிட்டால் செய்யமாட்டாள் என்று யோசப்பின் அலுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வந்தது. மியூரியல் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, போகிற போக்கில், "வாயைத் திற, பாப்பம்" என்றாள். ஜெயனி உடனே திறந்தாள். நாக்கை நீட்டு என்றாள். நீட்டினாள். நல்ல சுத்தமான நாக்கு.

இதில் ஏதோ இருக்கிறது என்று மியூரியலின் புத்திக்குத் தட்டவில்லை. பிள்ளைக்கு மனம் மாறிவிட்டது என்றே நினைத்தாள். நிறை பார்க்கும் மெசின் முதல்நாளே மக்கர் பண்ணியிருந்தது. பற்றரியைக் கழற்றிப் போடுவதற்காக அதைக் கீழே வைத்தபடி, "மெசினிலை ஏறாதை, பிள்ளை" என்றாள்.

ஜெயனி டக்கென்று ஏறி நின்றாள்.

நிமிர்ந்து நின்றாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, நிறை பார்க்கும்போது நிற்க வேண்டிய விதமாக, அவ்வளவு ஒழுங்காக நின்றாள். யோசப்பினுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "உவளை என்ன செய்யிறது, சொல்லுங்கோ மிஸ்ஸி" என்றபடி கையை ஓங்கினாள். அடிக்கவில்லை, ஓங்கியது மட்டும்தான். ஆனால் அதற்குள் ஜெயனியின் இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. அடிக்குப் பயந்த பிள்ளை கன்னத்தை மறைக்கும், அல்லது தலையை மறைக்கும். மியூரியல் எத்தனையோ இல்லங்களில் கண்டிருக்கிறாள். இந்தப் பிள்ளை மறைத்தது காதுகளை.

மியூரியலின் கையில் இருந்த பற்றரி கீழே விழுந்து உருண்டது. அவள் எழும்பி, ஜெயனியின் கைகளை மெல்ல இறக்கி, ரோர்ச்சை அடித்து வலது காதுக்குள் பார்த்தாள். பார்ப்பதற்கு முன்னமே மணம் வந்தது. உள்ளே சீழ் கட்டியிருந்தது. காதோரத்தில் எண்ணெயோடு எண்ணெயாகக் காய்ந்துபோய் ஒரு மஞ்சள் கோடு. எண்ணெய் தடவிய கைக்கு இது எப்படித் தெரியாமல் போனது? யோசப்பினுக்கு அது தெரிந்துதான் இருந்தது. கரையார வீட்டுப் பிள்ளைகள், கடலிலும் கிணற்றிலும் குளித்து வளர்ந்தவர்கள், பாதிப் பேருக்குக் காதில் சீழ் ஓடும், வளர வளரச் சரியாகிவிடும் என்றுதான் அவள் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். காலம் காலமாக எல்லோரும் நம்புகிறதைத்தான் அவளும் நம்பினாள்.

மியூரியல் பிள்ளையைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று ஜெயனி என்று கூப்பிட்டாள். அசைவில்லை. சற்று உரக்கக் கூப்பிட்டாள். பிறகு, தன் பிறப்பிலேயே முதல்தடவையாகவோ என்னவோ, தொண்டை கிழியக் கத்தினாள். முற்றத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து யன்னலில் தொங்கின. ஜெயனி மட்டும், யாரோ தூரத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல, ஒரு பக்கம் தலையைச் சரித்தாள்.

பிறகு முகத்துக்கு நேரே இருத்தி வைத்து, மேசையில் ஒரு பென்சிலை வைத்தாள். தன் சாதாரணக் குரலில், "பென்சிலை எடுக்காதை" என்றாள். ஜெயனி உதட்டைப் பார்த்தாள். கணமும் தாமதிக்காமல் பென்சிலை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். முகத்தில் ஒரு சிரிப்பு. சொன்னதைச் செய்துவிட்ட பிள்ளையின் சிரிப்பு.

மியூரியலுக்கு அந்தப் பென்சிலை வாங்கக் கை வரவில்லை. எடு என்பதும் எடுக்காதை என்பதும் எங்கே பிரிகின்றன? கடைசியில், வாலில். நாங்கள் பேசும்போது குரல் தேய்ந்து விழுகிற இடத்தில். போ, போகாதை. தொடு, தொடாதை. தலை மட்டும் போய்ச் சேர்ந்து வால் விழுந்துபோனால் என்ன மிஞ்சும்? இவள் செய்யாதே என்றதைச் செய்யவில்லை. செய் என்று எங்களிடமிருந்து கேட்டதைத்தான் செய்திருக்கிறாள். ஒரு சொல்லைக்கூடத் தட்டியதில்லை. இந்த இல்லத்தில் இவளைப்போலச் சொல்லுக் கேட்ட பிள்ளை வேறு இல்லை.

இதை விளக்கியபோது யோசப்பினுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்துவிட்டாள். "கேற்றைத் திறக்காதை எண்டுதான் சொன்னனான்" என்று அவள் உதடு தனக்குத்தானே முணுமுணுத்தது. ஜெயனி அந்த உதட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழும்பி, வெளியே போய், கேற்றைத் திறந்து வைத்துவிட்டு ஓடி வந்து பழையபடி தன் இடத்தில் நின்றாள்.

யோசப்பின் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இல்லத்துப் பிள்ளையை நன்னடத்தைப் பகுதியின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. மியூரியல் சுபாஸ்கரனுக்குப் போன் எடுத்தாள். மனிதர் வேறு ஒரு வழக்குக்காகக் காங்கேசன்துறைப் பக்கம் நின்றார். நாளைக்குத்தானே வழக்கு, இனி என்ன செய்வது என்று இழுத்தார். பிள்ளைக்குக் காது கேட்காது என்று மியூரியல் சொன்னதும், சொல்லுக் கேட்காது என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே என்றார். இல்லை, காது, காது என்று மியூரியல் போனுக்குள் கத்தினாள். பிறகு, யோசப்பினும் கூடவே வரட்டும், நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, நானும் வாறன் என்றார்.

ஓட்டோவில் ஜெயனி நடுவில் இருந்தாள். பெரிய ஆட்களோடு பயணம் என்பதில் அவளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. ஓட்டோக்காரன் வழி நெடுக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். அவள் ஒன்றுக்கும் திடுக்கிடவில்லை. இத்தனை தடவை இந்தப் பிள்ளையை நிறுத்து, அளந்து, பல்லை எண்ணிய தான் ஒருமுறையாவது பின்னால் நின்று பெயரைக் கூப்பிட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று மியூரியல் நினைத்தாள்.

காது, மூக்கு, தொண்டை வைத்தியர் இளம் வயதுக்காரர். குழாயை வைத்து இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார். கேட்டல் சோதிக்கும் அறைக்குள் அனுப்பினார். அங்கே காதில் பெரிய கருவியைப் பூட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று படம் போட்டுக் காட்டினார்கள். நெடுநேரம் கை தூக்கப்படவில்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது திடீரென்று ஜெயனி இரண்டு கையையும் தூக்கினாள். கண்கள் விரிந்துபோயின. அதே கருவிக்குள், சோதித்துக்கொண்டிருந்த பெண் ஒலிவாங்கியால் கதைத்ததும் பிள்ளை மியூரியலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"மிஸ்ஸி, இந்த அக்கா மட்டும் சத்தமாக் கதைக்கிறா."

மற்றவர்கள் எப்படிக் கதைப்பார்கள் என்று மியூரியல் உதட்டை அசைத்துக் கேட்டாள்.

"மெல்லமா. அம்மா செத்த வீட்டிலை எல்லாரும் மெல்லமாத்தானே கதைச்சவை. பிறகு ஒருத்தரும் சத்தமாக் கதைக்கேல்லை."

செத்தவீடு இன்னும் முடியவில்லை என்று இந்தப் பிள்ளை மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. உலகம் முழுவதும் தன் தாய்க்காகக் குரலைத் தாழ்த்தி வைத்திருக்கிறது என்று நினைத்து, தானும் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. கருவியில் இருந்த பெண் எழும்பி வெளியே போய்விட்டாள். மியூரியலுக்குப் போக இடமில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நின்றாள்.

ஆனால் அன்றைய அதிர்ச்சி அதோடு முடியவில்லை. வைத்தியர் அவர்களை உள்ளே கூப்பிட்டார். சுபாஸ்கரனும் வந்து சேர்ந்திருந்தார். வலது காதில் பழைய சீழ், செவிப்பறையில் ஓட்டை. அது நோயால் வந்தது, கவனித்திருந்தால் சின்ன வயதிலேயே சுகமாகியிருக்கும். இடது காது அப்படி இல்லை. அது நல்ல காது. அதன் பறை கிழிந்திருந்தது. ஒருமுறை அல்ல, ஆறி ஆறிக் கிழிந்திருந்தது. கடைசிக் கிழிசல் அண்மையில் நடந்தது.

"ஆரோ பிள்ளைக்குக் காதைப் பொத்தி அடிக்கிறவை" என்றார் வைத்தியர்.

உள்ளங்கையை விரித்துக் காதைப் பொத்தி ஒன்று விடுவது. இந்த ஊரில் இதை வாங்காமல் வளர்ந்தவர் யார்? தமிழ் வாத்தியார் விடுவார், தகப்பன் விடுவார், ரியூசன் சேர் விடுவார். காதைப் பொத்தி ஒன்று விட்டால்தான் ஏறும் என்று நாங்கள் சிரித்துக்கொண்டே சொல்வோம், வாங்கினவர்களும் வளர்ந்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மியூரியல் தன் மகனுக்கு இந்த வாயாலேயே அதைச் சொல்லி வெருட்டியிருக்கிறாள். அந்த அறையில் நின்ற நாலு பேரில் ஒருவருக்கும் அந்தச் சொல் புதிதல்ல. அதுதான் ஒருவராலும் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான்" என்றாள் யோசப்பின்.

ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "கிறிஸ்ரோபர்தான் பிள்ளையை விட வந்த நேரம் சொல்லித் தந்தவர். கூப்பிட்டாத் திரும்பாள், காதைப் பொத்தி ஒண்டு குடுங்கோ, பிறகு கேப்பாள் எண்டு. உண்மையா அப்பிடித்தான் மிஸ்ஸி. அடிச்ச உடனை என்ரை முகத்தை நேரை பாப்பாள். பாத்துக்கொண்டு நிண்டு சொன்னதெல்லாம் செய்வாள். அடிச்சாத்தான் கேக்கிறாள் எண்டு நான்..."

மிச்சத்தை யாரும் சொல்லத் தேவையில்லை. அடித்தால் பிள்ளை முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்த்தால் உதடு தெரியும். உதடு தெரிந்தால் பாதியாவது விளங்கும். ஆக, அடி வேலை செய்தது. ஒவ்வொரு அடியும் வேலை செய்தது, ஒவ்வொரு அடியும் அந்த நல்ல காதில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போனது. கேட்க வைப்பதற்காகச் செவிடாக்கியிருக்கிறார்கள். சுபாஸ்கரன் வெளியே போய்க் கிறிஸ்ரோபருக்குப் போன் எடுத்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கடற்கரையில் அன்றைக்கு என்ன சொன்னீர்கள், சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டாராம். இறங்காதை, இறங்காதை என்று இரண்டு மூன்று தரம் கத்தினேன் என்றாராம் கிறிஸ்ரோபர். சுபாஸ்கரன் விஷயத்தை அவருக்கு விளக்கிச் சொன்னாராம். அதற்கு அந்த மனிதன் சொன்னதைச் சுபாஸ்கரன் தலையைக் குனிந்தபடியே அவர்களுக்குச் சொன்னார்: "ஒவ்வொரு அடி வைக்கேக்கையும் திரும்பித் திரும்பி என்னைப் பாத்தவள், சேர். நெளிப்புக் காட்டுறாள், என்னைச் சீண்டுறாள் எண்டு நினைச்சனான்."

இன்னும் இறங்கவா, போதுமா என்று கேட்டுத் திரும்பிப் பார்த்த பிள்ளை. மாமா இன்னும் இறங்கு, இன்னும் இறங்கு என்கிறார். தண்ணீர் கழுத்துக்கு வந்தும் இறங்கச் சொல்கிறார். அவள் பயந்திருப்பாள். பயந்துகொண்டே இறங்கியிருப்பாள், ஏனென்றால் அவள் சொல்லுக் கேட்கிற பிள்ளை.

மறுநாள் காலை நீதவானின் அறையில் ஆட்கள் குறைவு. பிள்ளைகளின் வழக்கு என்பதால் திறந்த மன்றில் எடுப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நீதவான், நடுத்தர வயதுப் பெண். இந்தப் பக்கம் சுபாஸ்கரன், மியூரியல், யோசப்பின். கதவடியில் ஒரு பெண் பொலிஸ், கட்டளை கிடைத்ததும் பிள்ளையைத் தெற்குக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காகக் காலையிலேயே வந்து நின்றவள். அவளுக்கு ஒருவரும் விஷயம் சொல்லியிருக்கவில்லை. ஜெயனி தன் உடுப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசப்பினுக்கும் மியூரியலுக்கும் நடுவில் நின்றாள். பையை விட்டுவிட்டு வா என்று எவ்வளவு சொல்லியும் அவள் கொண்டுதான் வந்தாள். போகிற நாள் இது என்பது போன கிழமையே அவளுக்குக் கலண்டரில் காட்டிச் சொல்லப்பட்டிருந்தது.

சுபாஸ்கரன் தன் சிபாரிசைத் தானே மீளப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். மியூரியல் வைத்தியர் சொன்னதைச் சொன்னாள். எடு, எடுக்காதை என்ற கதையையும் சொன்னாள். நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டார். யோசப்பின் எழும்பி, அடித்தது நான்தான் அம்மா, எந்தத் தண்டனை என்றாலும் எனக்குத் தாங்கோ, பிள்ளையை மட்டும் பாஷை தெரியாத ஊருக்கு அனுப்ப வேண்டாம், அங்கே அவளுக்கு உதடும் விளங்காது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுகிற கட்டம் இரவே தாண்டிப் போயிருந்தது.

நீதவான் பேனையை மறுபடி எடுத்தார். பிறகு கட்டளையைச் சொன்னார். பிள்ளை எங்கேயும் போகத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கட்டும், கேட்கும் கருவி கிடைக்கட்டும், மருத்துவப் பொறுப்பு மியூரியலுடையது. அடி பற்றித் திணைக்களம் விசாரிக்கும். விசாரணை முடியும் வரை யோசப்பின் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருக்கக்கூடாது. யோசப்பின் தலையைக் குனிந்து ஓம் என்றாள். வந்த காரியம் முடிந்தது, பிள்ளை தப்பியது என்று மியூரியல் நினைத்தாள்.

இவ்வளவு நேரமும் பிள்ளையோடு ஒருவரும் கதைக்கவில்லையே என்று நீதவானுக்குத்தான் தோன்றியது. நல்ல மனுசி. நாற்காலியை முன்னால் இழுத்து, குனிந்து, ஜெயனியின் முகத்தைப் பார்த்து, அன்பாக, மென்மையாகச் சொன்னார்.

"உன்னை அனுப்பேல்லை, பிள்ளை. நீ பயப்பிடாதை. நீ போகத் தேவையில்லை."

ஜெயனி அந்த உதட்டைக் கவனமாகப் பார்த்தாள். அனுப்பு. பயப்பிடு. போ. அவள் தலையாட்டினாள். பையைத் தோளில் மாட்டினாள். திரும்பி நேரே கதவடிக்குப் போய், முன்பின் தெரியாத அந்தப் பெண் பொலிஸின் கைக்குள் தன் கையை வைத்தாள். ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணும் பழக்கத்தில் கதவைத் திறந்துவிட்டாள்.

"போகாதை, பிள்ளை, போகாதை" என்றார் நீதவான், கதிரையை விட்டு எழும்பியபடி. திரும்பிப் பார்த்த ஜெயனி நடையை இன்னும் எட்டிப் போட்டாள். "வெளியிலை போகாதை" என்று சுபாஸ்கரனும் சேர்ந்து கத்தினார். இப்போது அவள் ஓடவே தொடங்கினாள், பெண் பொலிஸின் கையையும் இழுத்துக்கொண்டு. எல்லாம் தெரிந்தவர்கள், ஒரு மணி நேரமாக இதையே கதைத்தவர்கள், அவர்கள் வாயிலும் அதே சொல்தான் வந்தது. வேறு சொல் இருக்கவில்லை.

மியூரியல் பாய்ந்து போய் வாசலை மறித்து முழங்காலில் விழுந்தாள். பிள்ளையின் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. அந்த முகம் பயத்தில் வெளிறிப்போயிருந்தது. தான் போதிய வேகமாகப் போகவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு கைகளும் காதுகளுக்குப் போயின.

"போறன் மிஸ்ஸி, போறன். நான் சொல்லுக் கேக்கிறன்."

மியூரியல் வாயைத் திறந்தாள். போகாதை என்று வந்தது, விழுங்கினாள். பயப்பிடாதை என்று வந்தது. அழாதை என்று வந்தது. ஒரு பிள்ளையிடம் சொல்லத் தன்னிடம் இருந்ததெல்லாம் இவைதானா என்று திகைத்துப்போனாள். தாய்மாமனும் அன்ரியும் ரீச்சரும் நீதவானும் தானும் சேர்ந்து இந்தப் பிள்ளையிடம் இதுவரை சொன்னதில் வாலில்லாத சொல் ஒன்றாவது இருந்ததா? தேடினாள். நெடுநேரம் தேடினாள். பிறகு உதட்டை நன்றாகக் குவித்து, ஒரேயொரு சொல்லைச் சொன்னாள்.

"இரு."

ஜெயனி அந்த இடத்திலேயே, வாசற்படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் கொட்டி இருந்தாள். சரியாகச் செய்துவிட்டேனா என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.